40க்கு 60 மனை: வீடு முடிந்தது, சுற்றியுள்ள இடத்தை எப்படி அமைப்பது?

வாசல்படி | 2024 ஜூன் 9

அனைவருக்கும் வணக்கம். சென்னைத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் ஒரு கிரவுண்டில் வீடு கட்டி முடித்துவிட்டோம். பெயின்ட் வேலைதான் பாக்கி. ஆவணியில் கிரகப்பிரவேசம்.

கிழக்குப் பார்த்த வாசல். மனை தெற்கு வடக்காக 40 அடி, கிழக்கு மேற்காக 60 அடி. வீடு 28க்கு 40. மாடி, கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்த்து 23 அடி உயரம். முன்னால் 12 அடி, பின்னால் 8 அடி, வடக்கே 9 அடி, தெற்கே 3 அடி காலி இடம். போர்வெல்லும் சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில்; செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில்.

சுற்றிலும் பேவர் பிளாக் போட்டுவிடலாம், சேறு சகதி இருக்காது, நாலு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி. மனைவிக்கு வாசலில் ஒரு 200 சதுர அடியாவது புல்தரை வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி. காலையில் பூப்பறிக்க நாலு செடி, உட்கார ஓர் இடம், ஒரு துளசி மாடம் போதும் என்கிறார். எனக்கு ஒரு மரமாவது நிற்க வேண்டும். கார் ஒன்று இருக்கிறது. இத்தனையையும் இந்த இடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

தாம்பரம் மேற்கு | ஜூன் 9

மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள். எட்டு வருடம் மண் தரையோடு இருந்துவிட்டுப் போன வருடம்தான் பேவர் போட்டேன். கூட்ட ஆள் கிடைப்பதில்லை. மழை வந்தால் வீட்டுக்குள் சேறு. களை பிடுங்கி மாளாது. பக்கத்து மனை காலியாகக் கிடப்பதால் இரண்டு முறை பாம்பு வந்துவிட்டது. வயதானவர் இருக்கிற வீட்டில் சமதளம்தான் நல்லது. செடி வேண்டுமென்றால் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

ரசமட்டம் | ஜூன் 10

தம்பி, நான் கட்டுமானத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு வேண்டுகோள்: இந்த ஐப்பசி மழையைப் பார்க்காமல் தரையை மூடாதீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு வாசலில் பத்தடி பாவிக்கொண்டால் போதும். மற்றது காத்திருக்கட்டும்.

காரணம் தண்ணீர்தான். உங்கள் மொட்டை மாடி 1,120 சதுர அடி, அதாவது 104 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் மாடியிலிருந்து மட்டும் 10,000 லிட்டருக்கு மேல் இறங்கும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அந்தக் கணக்கில் உங்கள் மாடி நீர் மட்டும் 50,000 லிட்டர். முடிச்சூர் அன்று வெள்ளத்தில் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு நீரும் எந்த வழியாக எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செடியும் கல்லும் அதற்கு அப்புறம்தான்.

இரண்டு காரியம் இப்போதே செய்யலாம். ஒன்று, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து நாலு மூலையிலும் மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். தரையின் வாட்டம், அதாவது சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து வெளியே போக வேண்டும், 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேவர் போட்டவர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டார். இரண்டாவது மழைக்காலத்தில் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் (ஈரக் கசிவு) ஏறிவிட்டது. மொத்தத்தையும் பெயர்த்துத்தான் சரிசெய்தோம்.

இரண்டாவது, நாலு இடத்தில் ஒரு அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தடவை வற்றியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், காய்ந்த மண் எதையும் குடிக்கும். உடனே மறுபடி நிரப்பி, வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதை இங்கே எழுதுங்கள்.

ஆடிப்பட்டம் | ஜூன் 10

ரசமட்டம் ஐயா தண்ணீரைச் சொல்லிவிட்டார். நான் வெயிலைச் சொல்கிறேன். தோட்டம் போட்டுத் தோற்றவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமல் போட்டவர்கள், நானும் அதில் ஒருத்தி.

இப்போது வைகாசிக் கடைசி. சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போகிறது. அதனால் உங்கள் வடபக்கத்து 9 அடியில் இன்று நல்ல வெயில் அடிக்கும். அதைப் பார்த்து ‘காய்கறிக்கு இதுதான் இடம்’ என்று தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். மார்கழியில் உச்சி வேளையில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். 23 அடி உயர வீட்டின் நிழல் அப்போது வடக்கே 17 அடி வரை விழும். உங்களிடம் இருப்பதோ 9 அடி. ஐப்பசி பிறந்ததிலிருந்து மாசி பாதி வரை அந்தப் பட்டையில் தரையில் வெயிலே படாது. நான் எங்கள் வீட்டில் அதே மாதிரி இடத்தில்தான் தக்காளியும் கத்தரியும் வைத்தேன். செடி ஆள் உயரத்துக்கு வெளிறிப்போய் வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை.

உங்கள் கிழக்கு வாசல் பூச்செடிக்கு வரம். காலை வெயில் மதியம் வரை கிடைக்கும், பிற்பகல் சூடு இருக்காது. மேற்கே இருக்கிற 8 அடிதான் கடுமையான இடம். சித்திரை, வைகாசியில் 2 மணிக்கு மேல் அந்தச் சுவர் அடுப்பு மாதிரி ஆகும், ராத்திரி 10 மணிக்குக் கை வைத்தாலும் சுடும். அதற்குத்தான் நிழல் வேண்டும். முன்னால் அழகுக்கு மரம் வைத்துவிட்டுப் பின்னால் மொட்டையாக விடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது.

தாம்பரம் மேற்கு | ஜூன் 10

வெயில் படாத இடத்தில் பேவர் போடுவதில் என்ன பிரச்சினை? அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆடிப்பட்டம் | ஜூன் 11

அண்ணா, அங்கேதான் பிரச்சினை. மழைக்காலம் முழுக்க வெயில் படாத கல்லில் பாசி பிடிக்கும். அம்மாவுக்கு 74 வயது என்கிறார். வழுக்கி விழுவது சேற்றில் அல்ல, பார்வைக்குச் சுத்தமாகத் தெரிகிற பச்சைக் கல்லில்தான். அந்த இடத்தில் கல் போட்டால் கொத்திய கருங்கல்லாக இருக்கட்டும். வழவழப்பான கடப்பாக் கல் வேண்டவே வேண்டாம்.

கொள்ளிடக்கரை | ஜூன் 12

ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். பேவர் பற்றி இத்தனை பேசுகிறீர்கள், யாரும் கோலத்தைச் சொல்லவில்லையே. பேவர் பிளாக்கில் கோலம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் மாவு இறங்கிவிடும். புள்ளி ஒரு வரிசையில் நிற்காது. கம்பிக் கோலம் இழுத்தால் இழை அங்கங்கே அறுந்து தெரியும். வாசற்படிக்கு நேராக ஐந்துக்கு ஐந்தடி ஒரே தளமாகச் சிமென்ட் தரையோ பெரிய கற்பலகையோ போட்டுக்கொள்ளுங்கள். மார்கழி மாதம் முழுக்க அந்த இடத்துக்குத்தான் அதிக வேலை.

அம்மா உட்கார வாசலுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு திண்ணை. உயரம் 18 அங்குலம் இருக்கட்டும். அழகாக இருக்கிறது என்று ஓரடி உயரத்தில் கட்டிவிட்டு, மூட்டு வலிக்காரர் எழுந்திருக்க முடியாமல் திணறியதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். கை ஊன்றி எழ ஒரு பக்கம் சின்னச் சுவரோ குழாயோ இருந்தால் இன்னும் நல்லது. திண்ணையிலிருந்து எட்டிப் பறிக்கிற தூரத்தில் நந்தியாவட்டை, செம்பருத்தி, ஒரு குண்டுமல்லி. பவளமல்லி வைத்தால் அதன் கீழே நாலடிக்குச் செடி எதுவும் வேண்டாம். விடியற்காலையில் பூ உதிர்ந்து கிடக்கும், குனியாமல் பொறுக்க முடியாதுதான், ஆனால் பழைய வெள்ளை வேட்டியை ராத்திரியே கீழே விரித்துவிட்டால் காலையில் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கிவிடலாம். என் மாமியார் அப்படித்தான் செய்வார்.

கிணற்றடி | ஜூன் 13

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பாம்புக்குப் பயந்து நிலத்தை மூட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் வளவுகளில் வீட்டைச் சுற்றி மணல் முற்றம்தான். புல் முளைக்க விடமாட்டோம். விடிய எழும்பியதும் விளக்குமாற்றால் கூட்டிவிடுவோம். வெறும் மணலில் எது ஊர்ந்தாலும் கண்ணில் படும், தடமும் தெரியும். மழை விழுந்தால் அந்த இடத்திலேயே சுவறிவிடும். செடி கொடி எல்லாம் முற்றத்துக்கு அப்பால், வேலியோரம்.

குளிக்கிற தண்ணீர், உடுப்புத் தோய்க்கிற தண்ணீர் எல்லாம் சிறிய வாய்க்காலால் வாழைக்குப் போகும். அதற்கென்று தனியாகத் தண்ணீர் இறைத்தது கிடையாது. உங்கள் பின்பக்கத்து 8 அடிக்கு இது சரிவரும் என்று நினைக்கிறேன்.

வாசல்படி | ஜூன் 16

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் விடுப்பு எடுத்து அளந்துவிட்டேன்.

முன்பக்கக் குழி இரண்டாம் முறை வற்ற 3 மணி நேரம் ஆனது. பின்பக்கக் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது. தோண்டியபோது மேலே முக்கால் அடிக்குச் சிமென்ட் பால் உறைந்த கட்டி, செங்கல் துண்டு, பெயின்ட் டப்பா மூடி. அதற்குக் கீழே களி. மட்டம் பார்த்ததில் வடமேற்கு மூலை தென்கிழக்கைவிட 5 அங்குலம் தாழ்வு. தண்ணீர் முழுக்க செப்டிக் டேங்க் பக்கம் போகிறது. நல்லவேளை, பேவர் போடவில்லை.

ரசமட்டம் | ஜூன் 16

நல்ல வேலை செய்தீர்கள். அந்த முக்கால் அடியை முழுவதும் அள்ளி வெளியேற்றுங்கள். சிமென்ட் கலந்த மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறிவிடும், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், உரம் போட்டும் பயனில்லை. செடி வைக்கிற இடத்தில் இரண்டடி வரை எடுத்துச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்புங்கள். வெளியிலிருந்து வரும் மண்ணைச் சுவரோடு சேர்த்து மேடாக்க வேண்டாம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே பாத்தி தொடங்கட்டும். ஓதம் ஒரு பக்கம், கரையான் ஒரு பக்கம்.

மாடி நீருக்கு ஈசானி மூலையில் போருக்கு அருகில் மூன்றடி விட்டத்தில் உறைக் கிணறு இறக்குங்கள். களியைத் தாண்டி மணல் வரும்வரை இறக்க வேண்டும். களியிலேயே நிறுத்தினால் அது கிணறு இல்லை, கொசுத் தொட்டி. மூடியிலும் காற்றுக் குழாயிலும் வலை அவசியம். நிரம்பி வழிந்தால் தெருக் கால்வாய்க்குப் போக ஒரு குழாய் விடுங்கள். 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனால் பல வீடுகளில் இரண்டடிக் குழியில் ஜல்லி கொட்டி, பார்வைக்கு ஒரு குழாய் விட்டிருப்பதைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம், கார். உங்கள் முன்பக்கம் 12 அடிதான். சின்னக் காரே அந்த நீளம் வரும், வெளிக்கதவை மூட முடியாது. வடக்கே இருக்கும் 9 அடியில் நேராக உள்ளே விடுங்கள். எப்படியும் அங்கே வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் செடி வராது என்று ஆடிப்பட்டம் அம்மா கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வெயில் வராத இடத்தைக் காருக்குக் கொடுத்தால் வெயில் வருகிற வாசல் முழுக்க உங்களுக்கு மிஞ்சும். முழுதும் பாவ வேண்டாம், சக்கரம் உருளும் இரண்டு தடத்துக்கு மட்டும் இரண்டடி அகலத்தில் கொத்திய கருங்கல் போதும். நடுவில் கூழாங்கல் விடுங்கள், நீர் இறங்கும். அம்மா நடக்கவும் அந்தத் தடமே ஆகும். சம்ப் மூடி காரின் எடையைத் தாங்குமா என்று மட்டும் உங்கள் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வாசல்படி | ஜூன் 17

காரை வடக்கே விடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. வரைபடத்தில் மூன்று மாதமாக முன்பக்கத்திலேயே அதை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புல்தரை பற்றி யாராவது சொல்லுங்கள். மனைவி இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஆடிப்பட்டம் | ஜூன் 17

சகோதரிக்கு வணக்கம். கொரியன் புல் பார்க்க அத்தனை அழகு, நான் மறுக்கவில்லை. கோடையில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டராவது கேட்கும். 200 சதுர அடிக்கு 90 லிட்டருக்கு மேல், தினமும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர் நம்முடையது. ஒரு குடும்பத்தின் குடிநீரும் சமையல் நீரும் அதைவிடக் குறைவு. பச்சையாகத் தெரிய வேண்டும், குழந்தைகள் காலாற நடக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், திண்ணைக்கு முன்னால் ஆறுக்கு எட்டடி மட்டும் சாதாரண அருகம்புல் விட்டுப் பாருங்கள். கோடையில் காய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். பிள்ளையாருக்கும் ஆகும்.

மரத்துக்கு வருகிறேன். மேற்கே 8 அடியில் வேம்பு, புங்கை வேண்டாம், அவை பெரிதாகும் மரங்கள். தென்னையும் வேண்டாம், மட்டை விழுகிற இடத்தில்தான் நீங்கள் துணி உலர்த்துவீர்கள். கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், குஜராத்தில் அரசே தடை செய்திருக்கிறது. சீத்தா வையுங்கள். பெரும்பாலும் 12, 15 அடிக்கு மேல் போகாது, தண்ணீர் குறைந்தாலும் தாங்கும், மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் தெளித்தால் போதும். மேற்குச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கம்பிப் பந்தல் கட்டிப் பீர்க்கு, புடலை, அவரை ஏற்றுங்கள். கொடி சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும், நடுவில் காற்று ஓடினால்தான் சுவர் குளிரும்.

தாம்பரம் மேற்கு | ஜூன் 18

முருங்கை இல்லாத வீடா?

ஆடிப்பட்டம் | ஜூன் 18

இடம் இருந்தால் வைக்கலாம் அண்ணா. படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் கூடாது. மழை விட்ட பிறகு அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கைப்பிடி கைப்பிடியாக ஒட்டியிருக்கும். என் மகளுக்கு உடம்பெல்லாம் தடித்து இரண்டு வாரம் அவஸ்தை. எட்டடி இடத்தில் அதைத் தள்ளி வைக்க வழியில்லை.

கொள்ளிடக்கரை | ஜூன் 19

கல் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் முடிவு செய்த பாதை, பாத்தி, திண்ணை எல்லாவற்றையும் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, ஒரு வாரம் அதன்படி நடந்து பாருங்கள். குப்பை வாளியை எடுத்துக்கொண்டு, ஈரத் துணியை எடுத்துக்கொண்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு. காகிதத்தில் அழகாக வளைந்த பாதையை வீட்டில் ஒருவரும் மிதிக்கமாட்டார்கள், குறுக்கேதான் போவார்கள். அந்தக் குறுக்கு வழியில் கல்லைப் போடுங்கள்.

வாசல்படி | அக்டோபர் 17

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. வாசலில் கோலத்துக்கான தளமும் திண்ணையும் மட்டும் கட்டினோம். உறைக் கிணறு 11 அடி இறக்கினோம், 9 அடியில் பருமணல் வந்தது.

15ஆம் தேதி பெய்த மழையைக் குடை பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மாடி நீர் முழுவதும் கிணற்றுக்குப் போயிற்று. இரவு 8 மணிக்கு மூடியைத் திறந்தபோது விளிம்புக்கு நாலடி கீழே நின்றது, காலையில் இன்னும் ஒன்றரை அடி இறங்கியிருந்தது. வடமேற்கு மூலையை உயர்த்தி, வாட்டத்தைக் கிழக்கே திருப்பியது வேலை செய்கிறது. ஆனால் நான் நினைக்காத ஓர் இடத்தில், தெற்குச் சந்தில் ஏ.சி. பெட்டிக்குக் கீழே, கணுக்கால் அளவு நீர் தேங்கிவிட்டது. பக்கத்து வீட்டுச் சன்ஷேடிலிருந்து சொட்டும் நீர் எங்கள் பக்கம் விழுகிறது. அதைச் சென்னையில் எந்த வரைபடமும் எனக்குக் காட்டியிருக்காது.

இன்று உச்சி வெயிலில் வடபக்கம் நின்று பார்த்தேன். நிழல் மதில் அடி வரை சரியாக வந்து நிற்கிறது. ஆடிப்பட்டம் அக்கா சொன்ன கணக்கு அப்படியே இருக்கிறது.

ரசமட்டம் | அக்டோபர் 17

தெற்குச் சந்தில் அரையடி அகலத்துக்கு மூடியில்லாத வாய்க்கால் விட்டுக் கிழக்கே எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சண்டை வேண்டாம், அந்தச் சன்ஷேடு நுனியில் ஒரு தகரத் தூம்பு வைக்க அனுமதி கேளுங்கள், செலவு உங்களுடையது என்று சொல்லியே கேளுங்கள்.

வாசல்படி | டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரை கடந்தது. அன்று பகலெல்லாம் பயத்தோடுதான் இருந்தோம். கிணறு நிரம்பி வழிகுழாய் வழியாகத் தெருவுக்குப் போனது. வீட்டைச் சுற்றி எங்கும் நிற்கவில்லை. தூம்பு வைக்கப் பக்கத்து வீட்டார் உடனே சம்மதித்துவிட்டார்கள்.

கார்த் தடத்துக்குக் கல் வந்துவிட்டது. தை பிறந்ததும் வேலை. பின்பக்கம் துவைக்கிற கல்லிலிருந்து வாய்க்கால் வெட்டியாயிற்று. சீத்தா வைத்தாகிவிட்டது, பந்தலுக்குக் கம்பி நட்டிருக்கிறேன், தைப்பட்டத்தில் விதை. அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே நந்தியாவட்டை பறிக்கிறார். மல்லி இன்னும் பூக்கவில்லை.

வாழைக்கன்று நல்லதாக எங்கே கிடைக்கும்?

தாம்பரம் மேற்கு | டிசம்பர் 3

எங்கள் வீட்டுப் பின்னால் பேவருக்கு வெளியே ஒரு வாழை இருக்கிறது, பூவன். பக்கக்கன்று நாலு விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வாருங்கள், ஈட்டி இலைக் கன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது அந்த டியூப் லெவலையும் கொண்டுவாருங்கள். என் வீட்டு வாட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம், போன வாரத்திலிருந்து கூடத்துச் சுவரில் ஓரத்தில் ஈரம் தெரிகிறது.